சிலம்பமும் தருக்கமும் படித்தவனுக்கு அரிசி ஆலையில் என்ன வேலை?

கேள்வி இதுதான்: "தற்காப்புக் கலையிலும் தத்துவ ஆராய்ச்சியிலும் பல வருடம் இருந்த ஒருவர் தொழில் ஆலோசகராக மாற முடியுமா? அந்தப் படிப்பு அங்கே எதற்காவது உதவுமா?"

முடியும். நான் பாளையங்கோட்டைக்காரன். பள்ளிக்கூட நாளிலிருந்து சிலம்பம். அப்புறம் சென்னையில் தத்துவத்தில் எம்.ஏ., முனைவர் பட்டம். இப்போது அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி, பாவூர்சத்திரம் பக்கம் அரிசி ஆலை, அப்பளக் கம்பெனி மாதிரியான சிறு தொழில்களுக்குப் பணம் எங்கே முடங்குகிறது, சரக்கு எங்கே குறைகிறது என்று பார்த்துச் சொல்வது பிழைப்பு. படித்தது உதவுகிறதா என்றால் உதவுகிறது, ஆனால் மேடையில் பேசுகிறவர்கள் சொல்கிற விதத்தில் இல்லை.

மேடைப் பேச்சு உங்களுக்கே தெரியும். கம்பை நாலு சுற்றுச் சுற்றிக் காட்டிவிட்டு "இதுதான் தலைமைப் பண்பு" என்பார்கள். கட்டபொம்மன் காலத்துப் பரம்பரை என்று ஒரு வரி சேர்த்தால் கட்டணம் கூடும். தத்துவப் பக்கம் என்றால் உடனே அமெரிக்க முதலீட்டுக் கோடீஸ்வரர்கள் ஜார்ஜ் சோரஸ், கார்ல் ஐகான் இருவரும் தத்துவம் படித்தவர்கள் என்று எடுத்து விடுவார்கள். படித்தவர்கள்தான், உண்மை. அந்த இரண்டு பேரை நம்பித் தத்துவத்தில் சேர்கிறவர்களை நினைத்தால்தான் எனக்குக் கவலை.

முன்னோடி வேண்டும் என்றால் நம்ம ஊரிலேயே உண்டு. நெல்லைப் பல்கலைக்கழகத்துக்குப் பெயராக நிற்கும் மனோன்மணீயம் சுந்தரனார் திருவனந்தபுரத்தில் தத்துவப் பேராசிரியர். நடுவில் கொஞ்ச காலம் திருவிதாங்கூர் அரசின் வருவாய்த் துறையிலும் உத்தியோகம் பார்த்தார். தத்துவக்காரனுக்குக் கணக்கு வராது என்று யாராவது சொன்னால் அவரைக் காட்டுங்கள்.

நான் இந்த வேலைக்கு வந்த கதை சின்னது. தத்துவத்துக்குக் கல்லூரி வேலை அரிது. கௌரவ விரிவுரையாளராக ஒரு கல்லூரியில் இருந்தேன்; சம்பளம் வரும் மாதமும் உண்டு, வராத மாதமும் உண்டு. மாலையில் ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில் உட்கார்ந்து டேலி என்கிற கணக்கு மென்பொருளைக் கற்றுக்கொண்டேன். அங்கே வந்த அண்ணாச்சிகள்தான் முதல் வாடிக்கையாளர்கள்.

என் ஆராய்ச்சி சிவஞான முனிவரைப் பற்றியது. பதினெட்டாம் நூற்றாண்டுக்காரர், பாபநாசம் போகிற வழியில் இருக்கிற விக்கிரமசிங்கபுரத்தில் பிறந்தவர். இன்று அந்த ஊர்ப் பேரைச் சொன்னால் எல்லாருக்கும் பஞ்சாலைதான் நினைவுக்கு வரும். சைவ சித்தாந்தத்தின் மூல நூலான சிவஞானபோதத்துக்கு மாபாடியம் என்ற பேருரை எழுதியது அவர்தான். அன்னம்பட்டர் வடமொழியில் எழுதிய தருக்க நூலைத் தருக்க சங்கிரகம் என்று தமிழில் கொடுத்ததும் அவரே. தருக்கம் என்றால் அறிவையும் வாதத்தையும் சோதிக்கிற சாத்திரம். இந்த மரபில் அறிவுக்கு வழி மூன்று: காண்டல், கருதல், உரை. நேரில் பார்ப்பது, ஒன்றை வைத்து இன்னொன்றை ஊகிப்பது, நம்பத் தகுந்தவர் சொல்லை ஏற்பது. வேறு வழிகளை ஆறு, பத்து என்று எண்ணினாலும் அவை இந்த மூன்றுக்குள் அடங்கிவிடும் என்பார்கள். பார்ப்பதிலும் ஐயம், திரிபு என்று குற்றங்கள் உண்டு. ஊகம் என்றால் அதற்கும் கட்டுப்பாடு உண்டு. மலையில் புகை, ஆகவே நெருப்பு என்று சொன்னால் மட்டும் போதாது. புகையும் நெருப்பும் சேர்ந்திருக்கும் அடுக்களையைக் காட்ட வேண்டும், நெருப்பும் இல்லாமல் புகையும் இல்லாமல் கிடக்கிற குளத்தையும் காட்ட வேண்டும்.

இதை வைத்து அரிசி ஆலையில் என்ன செய்வது? ஒரு வேலையைச் சொல்கிறேன்.

அம்பை வட்டாரத்தில் ஒரு புழுங்கல் அரிசி ஆலை. அண்ணாச்சி கூப்பிட்ட காரணம் திருட்டு. "அரிசி எங்கயோ போகுது தம்பி. எவன்னு மட்டும் கண்டுபிடிச்சுச் சொல்லும், மத்தத நான் பாத்துக்கிடுதேன்" என்றார். யார் மேல் சந்தேகம் என்பதையும் அவரே சொல்லிவிட்டார்: குடோன் சாவி வைத்திருந்த பையன். கணக்குப்பிள்ளை சொன்னார், லாரிக்காரர் சொன்னார், மச்சான் சொன்னார். எல்லாம் உரை. ஒருவரும் பார்த்ததில்லை.

அரசுக் கொள்முதல் நெல்லை அரைக்கும்போது நூறு கிலோ நெல்லுக்குப் புழுங்கல் அரிசி 68 கிலோ என்று கணக்கு. தனியார் ஆலையில் அது கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். இவருக்கு மோசமான நாட்களில் 63. ஐந்து கிலோ எங்கே?

நான் பையனை விட்டுவிட்டுப் பழைய பதிவேடுகளை எடுத்து மாதவாரியாகப் பிரித்தேன். குறைவு வருடம் முழுக்க இல்லை. கார் பருவ அறுவடை நெல் வரும்போது மட்டும் சரிந்தது, அடுத்த பருவமான பிசான நெல் வரும்போது பழையபடி நிமிர்ந்தது. சாவி வருடம் முழுக்க அந்தப் பையனிடம்தான். பையன் இருந்தும் இழப்பு இல்லாத மாதங்கள் இருக்கின்றன என்றால் பையன்தான் காரணம் என்ற ஊகம் நிற்காது. கார் நெல்லுக்கு மட்டும் திருடுகிற திருடன் என்று சொல்லலாம்தான், ஆனால் அது எனக்கே சிரிப்பாக இருந்தது.

அப்புறம் நெல் இறக்குகிற இடத்தில் போய் நின்றேன். ஈரத்தை எப்படிப் பார்க்கிறார்கள் என்றால், ஒரு நெல்லை எடுத்துப் பல்லில் கடிப்பார்கள். அனுபவக்காரர் பல் பிசான நெல்லில் பொய் சொல்லாது. மழை தொட்ட கார் நெல்லில் அது போதாது. கணக்கைப் பாருங்கள். 20 சதவீத ஈரத்தோடு நூறு கிலோ வாங்கினால் அதில் ஈரமே இல்லாத நெல் 80 கிலோதான், மீதி தண்ணீர். அரைவைக்கு ஏற்ற 14 சதவீத ஈரத்துக்குக் கொண்டுவந்தால் அது 93 கிலோதான். ஏழு கிலோவுக்குக் காசு கொடுத்தாயிற்று, அது களத்தில் காய்ந்து போயிற்று. 93 கிலோவில் 68 சதவீதம் எடுத்தால் 63 கிலோ சொச்சம். ஐந்து கிலோவும் அங்கேயே இருக்கிறது.

ஈரப்பதம் பார்க்கிற மீட்டர் ஒன்று வாங்கி, 17க்கு மேல் போனால் விலையில் பிடித்தம் என்று எழுதிப் போட்டார்கள். நேரடி நெல் கொள்முதல் நிலையத்திலும் பொதுவாக 17 வரைதான் எடுப்பார்கள் என்பதால் விவசாயிகளிடம் பெரிய தகராறு வரவில்லை. பையன் வேலையில் இருக்கிறான். அவன்மேல் இப்படி ஒரு பேச்சு இருந்ததே அவனுக்குத் தெரியாது என்று நினைக்கிறேன்.

இதில் நான் செய்தது எதுவும் மந்திரம் இல்லை, நல்ல ஆடிட்டரும் கண்டுபிடித்திருப்பார். ஆனால் "இது உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கூச்சமில்லாமல் மூன்றாவது தடவையும் கேட்கிற பழக்கம் எனக்குத் தருக்கம் படித்ததால் வந்தது.

சிலம்பத்துக்கு வருகிறேன். முதலில் கம்பே கையில் கிடைக்காது, காலடி மட்டும்தான். கம்பு வந்த பிறகு ஆசான் ஓயாமல் திட்டியது ஒரே விஷயத்துக்கு: "கம்பு நுனியப் பாக்காதல, தோளப் பாரு." நுனி வேகமாக ஓடும், கண்ணை ஏமாற்றும். அடி புறப்படுவது தோளில்.

குடும்பத் தொழில்களில் உட்காரும்போது இந்தப் பழக்கம் அப்படியே வேலை செய்கிறது. அண்ணன் தம்பி இருவர் புது மெஷின் வாங்கலாமா கூடாதா என்று ஒரு மணி நேரம் சண்டை போட்டார்கள். மெஷின் விலையைப் பற்றித் தம்பி பேசியபோதெல்லாம் அவர் பார்வை போனது அண்ணன் மகன் உட்கார்ந்திருந்த நாற்காலிக்கு. அந்தப் பையன் தொழிலுக்குள் வருவதுதான் பிரச்சினை. மெஷினுக்கு லாப நஷ்டக் கணக்குப் போட்டுக் கொடுத்திருந்தால் இருவருமே அதைத் தொட்டிருக்க மாட்டார்கள்.

இன்னொன்று எட்டம். எதிராளி கம்பு எட்டாத தூரத்தில் நின்று, அவன் வீச்சு முடிகிற நேரத்தில் உள்ளே போவது. வசூலில் இது ரொம்ப உதவியது. கல்லிடைக்குறிச்சி அப்பளக்காரர் ஒருவருக்கு பெரிய கடைக்காரர் ஒருவர் மாதக்கணக்கில் பணம் தராமல் இழுத்தார். அப்பளக்காரர் கோபத்தில் சரக்கை நிறுத்தப் போனார். நிறுத்தினால் வாடிக்கையும் போகும், பாக்கியும் போகும். சட்டம் இவர் பக்கம் இருந்தது. உத்யம் என்கிற மத்திய அரசின் சிறுதொழில் பதிவு உள்ள குறு, சிறு உற்பத்தியாளருக்கு, ஒப்பந்தத்தில் என்ன போட்டிருந்தாலும், 45 நாளுக்குள் பணம் தர வேண்டும். எழுத்தில் ஒப்பந்தமே இல்லை என்றால் 15 நாள். தாமதத்துக்கு ரிசர்வ் வங்கி அறிவிக்கிற வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு கூட்டு வட்டி. வருமான வரிச் சட்டத்திலும் இதற்கென ஒரு பிரிவு வந்த பிறகு, கெடு தாண்டி வருடம் முடியும்போதும் பணம் தராத கடைக்காரர் அந்தச் செலவை அந்த வருடக் கணக்கில் கழிக்க முடியாது. எப்போது தருகிறாரோ அப்போதுதான்.

ஆகவே பிப்ரவரியில் ஒரு கடிதம். மிரட்டல் இல்லை, வட்டிப் பேச்சு இல்லை. பாக்கி பில்களின் பட்டியல், உத்யம் எண், "உங்கள் வருட முடிவுக் கணக்குக்காக" என்று ஒரு வரி. முதலாளிக்கு இல்லை, கணக்குப் பிரிவுக்கு. மார்ச் முடிவதற்குள் அவர்கள் ஆடிட்டரே பணத்தைத் தரச் சொல்லியிருப்பார் போலிருக்கிறது, பெரும்பகுதி வந்து சேர்ந்தது. வாடிக்கை இன்றும் ஓடுகிறது.

சிலம்பமும் தருக்கமும் தராதது நிறைய. லாபம் காட்டுகிற கம்பெனியில் சம்பளம் போடக் காசு ஏன் இல்லை என்பதைத் தருக்க நூல் சொல்லாது. 2022 ஜூலை 18 முதல் 25 கிலோ வரையிலான, லேபிள் போட்ட அரிசிப் பைக்கு 5 சதவீத ஜிஎஸ்டி வந்ததும் கடைகளில் 26 கிலோ பை முளைத்ததே, அந்த மாதிரி சூட்சுமம் குடோனில் நின்றால்தான் புரியும். தொழிலைத் தெரியாமல் தத்துவத்தை மட்டும் வைத்துக்கொண்டு போனால் முதல் பத்து நிமிடத்தில் அண்ணாச்சிகள் கண்டுபிடித்துவிடுவார்கள். காபி கொடுத்து அனுப்பிவிடுவார்கள், அவ்வளவு மரியாதை உண்டு.

நீங்கள் இந்த வழிக்கு வருவதாக இருந்தால், முதலில் ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில் ஒரு வருடமாவது உட்காருங்கள். ஊரில் ஓடுகிற ஒரு தொழிலைப் பிடித்து அதை மட்டும் கற்றுக்கொள்ளுங்கள். கட்டணத்தை நாள் கணக்கில் பேசுங்கள். "மிச்சமாகிறதுல பங்கு தாறேன்" என்று அண்ணாச்சிகள் ஆசை காட்டுவார்கள், வேண்டாம். பங்கு பேசிவிட்டால் இல்லாத இழப்பும் உங்கள் கண்ணுக்குத் தெரிய ஆரம்பிக்கும். நான் பாதியை முதல் நாளே வாங்கிக்கொள்கிறேன், மீதியை அறிக்கை கொடுக்கிற அன்று.