விரிசல் விட்ட கூலன்ட் டேங்க்: ஒட்டி ஓட்டலாமா?

கேள்வி: என் பைக்கின் கூலன்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) டேங்கில் அடிப்பக்கம் 3 செ.மீ. நீளத்துக்கு விரிசல். புது டேங்க் வர இரண்டு வாரம் ஆகுமாம். அதுவரை சூப்பர் க்ளூ போட்டு ஓட்டலாமா?

பதில்: அழுத்தம் ஏறாத டேங்க் என்றால் ஓட்டலாம், ஆனால் சூப்பர் க்ளூவை நம்பி அல்ல. டேங்கில் PP (பாலிப்ரொப்பிலீன்) அல்லது PE (பாலிஎத்திலீன்) என்று பிளாஸ்டிக் வகை அச்சிட்டிருந்தால் சாதாரணப் பசை எதுவும் அதில் பிடிக்காது. எபாக்ஸியும் வண்டி அதிர அதிர செதிலாக உரிந்து வரும்.

உருக்கித்தான் ஒட்ட வேண்டும். டேங்கைக் கழற்றி, சோப்புத் தண்ணீரில் பிசுக்குப் போகக் கழுவிக் காயவையுங்கள். விரிசல் மேலும் நீளாமலிருக்க அதன் இரு முனைகளிலும் 2 மி.மீ. துளை போடுங்கள். விரிசலை லேசாகச் சுரண்டிப் பள்ளமாக்கி, அதே வகை பிளாஸ்டிக் துண்டை சால்டரிங் அயனால் உருக்கி நிரப்புங்கள். புகை வந்தால் சூடு அதிகம். கருகிய பிளாஸ்டிக் நிற்காது. வீடியோக்களில் கேபிள் டையை உருக்கி ஊற்றுகிறார்கள். அது நைலான், இதோடு கலக்காது. ஆறியபின் தண்ணீர் நிரப்பி, காகிதத்தின் மேல் ஒரு மணி நேரம் வைத்துப் பாருங்கள்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். பிரஷர் மூடி (அழுத்தத்தைப் பிடித்து வைக்கும் மூடி) ரேடியேட்டர் மேல் இருந்தால், டேங்கில் அழுத்தம் கிடையாது. வழிந்து வருவதை வாங்கி வைத்து, எஞ்சின் ஆறும்போது திருப்பிக் கொடுப்பதுதான் அதன் வேலை; ஒட்டு தாங்கும். சில வண்டிகளில் பிரஷர் மூடி டேங்கின் மேலேயே இருக்கும். மூடியில் 1.1 பார் என்பதுபோல் அழுத்த அளவும், சூடாக இருக்கும்போது திறக்காதே என்ற எச்சரிக்கையும் தெரியும். அந்த டேங்கில் எந்த ஒட்டும் கூடாது. ஒட்டு விட்டால் கொதிக்கும் கூலன்ட் காலில் பாயும். சந்தேகமாக இருந்தாலும் ஒட்டாதீர்கள். புது டேங்க் வரும்வரை வண்டி நிற்கட்டும்.

ஒழுகலை அடைக்கும் பவுடரை யாராவது நீட்டினால் வாங்காதீர்கள். டேங்க் விரிசலை அது அடைக்காது, ரேடியேட்டரின் நுண்குழாய்களை அடைத்துவிடக்கூடும். பிறகு அதே ஆள் ‘ரேடியேட்டர் போச்சு, செட்டா மாத்திடலாம்’ என்பார். பொய் சொல்ல அவருக்கு வசதி செய்து கொடுப்பது கம்பெனிகள்தான்: ஒரு பிளாஸ்டிக் டப்பாவுக்கு வாரக்கணக்கில் காத்திரு என்றால், அவசரக்காரர் யாரிடம் போவார்?

ஒட்டிய டேங்கில் மேல் கோடு வரை நிரப்பாதீர்கள், கீழ்க் கோட்டுக்குச் சற்று மேல் போதும். தினமும் காலையில், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது மட்டம் பாருங்கள். டேங்க் காலியானால் ரேடியேட்டர் காற்றை இழுத்துக்கொள்ளும், எஞ்சின் சூடேறிவிடும். பின் டயரில் ஈரம் தெரிந்தால் வண்டியை எடுக்காதீர்கள், கூலன்ட் எண்ணெய் போல வழுக்கும்.