கோதுமையின் எதிர்ப்புச் சக்திக்கு ஒரு மரபணு போதாதா?

கோதுமைக்கு ஏன் மரபணுக் குடும்பங்களே, அதாவது ஒரே மூலத்திலிருந்து பெருகிய ஒத்த மரபணுக்களின் கூட்டங்களே, தேவைப்படுகின்றன என்று கேட்டிருக்கிறீர்கள். ரொட்டிக் கோதுமை மூன்று புல்லினங்கள் கலந்து பிறந்தது. அதனால் பெரும்பாலான மரபணுக்கள் மூதாதைப் புல் ஒவ்வொன்றிலிருந்தும் ஒன்றாக, ஏ, பி, டி என மூன்று பிரதிகளாக உள்ளன. அவை பெருகிப் பிரிந்து வேலையைப் பங்கிட்டுக்கொண்டன. டிரெப், நாக் குடும்பங்கள் வறட்சியில் பிற மரபணுக்களை முடுக்கிவிடுகின்றன.

என்னை மிகவும் ஈர்ப்பது, நோய்க்கிருமிகளுக்கு எதிராகக் காவல் நிற்கும் என்எல்ஆர் குடும்பம். பூஞ்சை செல்லுக்குள் அனுப்பும் புரதத்தை அது அடையாளம் காணும். தொற்றிய செல்லையே மடியவிட்டு நோயை அங்கேயே நிறுத்தும். பூஞ்சை அந்தப் புரதத்தை மாற்றிக்கொண்டாலோ காவல் உடைந்துவிடும். 1998-இல் உகாண்டாவில் தென்பட்ட யுஜி99 என்ற தண்டுத் துருப் பூஞ்சை வகை, பெரிதும் நம்பப்பட்ட எஸ்ஆர்31 என்ற எதிர்ப்பு மரபணுவைத் தாண்டிவிட்டது. எல்ஆர்34 என்ற மரபணு வேறு வகை, அது உருவாக்குவது செல்லின் சவ்வு வழியே பொருள்களைக் கடத்தும் ஒரு புரதம். துருவை முற்றிலும் தடுக்காது, மெதுவாக்கும். ஆனாலும் பல பத்தாண்டுகளாக நிலைத்து நிற்கிறது.