ஈ.இ.இ. படித்தால் கம்பம்தான் ஏறணுமா?

மஞ்சூரிலிருந்து கேட்டிருக்கும் அம்மாவுக்கு,

மகள் கணக்கிலும் இயற்பியலிலும் நன்றாக மார்க் எடுக்கிறாள். கம்ப்யூட்டர் சயின்ஸ் வேண்டாம், ஈ.இ.இ. (எலெக்ட்ரிக்கல் அண்ட் எலெக்ட்ரானிக்ஸ் இன்ஜினியரிங்) படித்து சோலார், காற்றாலை பக்கம் போகிறேன் என்கிறாள். பொம்பளைப் பிள்ளை கம்பம் ஏறவா என்று வீட்டில் ஒரே பேச்சு. அந்தக் கவலையை முதலில் விடுங்கள். அவள் சொல்கிற வேலையில் பெரும்பகுதி கம்ப்யூட்டர் முன்னால்தான்.

உங்கள் பக்கத்துக் குந்தா நீர்மின் நிலையங்களிலும், 1932-லிருந்து ஓடும் பைக்காராவிலும் ஜெனரேட்டருக்குள் டன் கணக்கில் எடையுள்ள ரோட்டர்கள் சுற்றுகின்றன. எங்கோ ஒரு பெரிய மின்நிலையம் திடீரென நின்றால், சுற்றுகிற அந்த எடைதான் மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் அதிர்வெண் சட்டென்று சரியாமல் சில நொடி தாங்கும். சோலார் பேனலில் சுற்றுவதற்கு ஒன்றுமே இல்லை. அது தரும் டி.சி.யை (நேர் மின்சாரத்தை) ஏ.சி.யாக்கி (மாறு மின்சாரமாக்கி), ஊர்களை இணைக்கும் மின் வலையமைப்பான கிரிட்டில் சேர்ப்பது இன்வெர்ட்டர். கமுதி சோலார் நிலையத்தின் 648 மெகாவாட்டும் அப்படித்தான் வருகிறது. கிரிட்டில் வோல்டேஜ் விழுந்தால் அந்த இன்வெர்ட்டர்கள் கழன்றுகொள்ளுமா, தாக்குப்பிடிக்குமா? ஓடுகிற கிரிட்டில் கோளாறு உண்டாக்கிப் பார்க்க முடியுமா? அதனால்தான் மாடலிங், அதாவது கிரிட்டையும் இன்வெர்ட்டரையும் கம்ப்யூட்டரில் கணக்காக உருவாக்கிச் சோதித்துப் பார்ப்பது. உங்கள் மகள் கம்ப்யூட்டர் முன்னால் செய்யப்போவது இதைத்தான்.

இதில் ஒரு சுவாரசியம் உண்டு. இன்வெர்ட்டருக்குள் இருக்கும் ஐ.ஜி.பி.டி. என்ற மின்னணு சுவிட்சுகள் நொடிக்கு ஆயிரக்கணக்கான தடவை திறந்து மூடும். அதை அப்படியே மாடலில் கொண்டுவந்தால் மைக்ரோநொடி மைக்ரோநொடியாகக் கணக்குப் போட வேண்டும். ஒரு நொடி நிகழ்வுக்கே கம்ப்யூட்டர் திணறும். நூறு இன்வெர்ட்டர் என்றால் கேட்கவே வேண்டாம். அதனால் சுவிட்சிங்கை விட்டுவிட்டுச் சராசரியை மட்டும் எடுத்து ஆவரேஜ் மாடல் போடுவார்கள். வேகமாக ஓடும், ஆனால் சுவிட்சிங்கால் அலையில் கலக்கும் வேண்டாத அதிர்வெண்கள், அதாவது ஹார்மானிக்ஸ், அதில் தெரியாது. எந்தக் கேள்விக்கு எந்த மாடல், எதை விடலாம், எதை விடக்கூடாது என்று தெரிந்தவருக்குத்தான் சம்பளம். மென்பொருளை ஓட்ட யார் வேண்டுமானாலும் பழகிக்கொள்ளலாம்.

சரி, கசப்பான பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். வெறும் பி.இ.யோடு இந்த வேலை கிடைப்பது கஷ்டம். ஈ.இ.இ. பிள்ளைகளையும் கேம்பஸில் சாஃப்ட்வேர் கம்பெனிகள்தான் அள்ளிக்கொண்டு போகின்றன. பவர் எலெக்ட்ரானிக்ஸில் (இன்வெர்ட்டர் மாதிரி மின்சாரத்தை மாற்றும் கருவிகளைப் பற்றிய படிப்பு) எம்.இ. வரை படிக்க வைக்க மனசு இருக்கிறதா என்று வீட்டில் இப்போதே பேசிவிடுங்கள். கேட் (GATE) தேர்வு எழுதினால் எம்.டெக். உதவித்தொகைக்கும் ஆகும், மின்சாரத்தை மாநிலம் விட்டு மாநிலம் கொண்டுபோகும் பவர்கிரிட் மாதிரி அரசு நிறுவனத்தில் வேலைக்கும் ஆகும். அவர்கள் புகளூரிலிருந்து திருச்சூருக்கு 2,000 மெகாவாட்டை டி.சி.யாகவே அனுப்புகிறார்கள். இரண்டு முனையிலும் இருப்பது இதே பவர் எலெக்ட்ரானிக்ஸ்தான், அளவுதான் பிரம்மாண்டம்.

கல்லூரிக்குத் தூரம் போக வேண்டாம், கோவையிலேயே அரசு இன்ஜினியரிங் கல்லூரியான ஜி.சி.டி. இருக்கிறது. ஆறாவதிலிருந்து அரசுப் பள்ளிதான் என்றால் 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டை விட்டுவிடாதீர்கள்.

ரிசல்ட் வருவதற்குள் எல்டிஸ்பைஸ் (LTspice) என்ற இலவச சர்க்யூட் மென்பொருளை இறக்கி, டி.சி. வோல்டேஜைக் குறைக்கும் ஒரு பக் கன்வெர்ட்டர் சர்க்யூட்டை வரைந்து ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். அலைவடிவம் ஏன் அப்படி வருகிறது என்று அவளே நோண்ட ஆரம்பித்தால் ஈ.இ.இ.யை முதல் சாய்ஸாகப் போடுங்கள். அலுத்துப்போய் மூடிவிட்டால் எனக்கு மறுபடி எழுதுங்கள், வேறு பேசலாம்.