மும்பை வீட்டில் ஹோம்ஸ்கூலிங் புத்தகங்களையும் ஓவியச் சாமான்களையும் டப்பாக்களில் எப்படி அடுக்குவது?

நீங்கள் கேட்டிருப்பது: செம்பூரில் ஒரு படுக்கையறை வீடு, 6 வயதிலும் 10 வயதிலும் இரண்டு பிள்ளைகள், படிப்பு முழுக்க வீட்டில். சாப்பாட்டு மேசைதான் வகுப்பறை என்பதால் வேளாவேளைக்கு எல்லாவற்றையும் அள்ளி எடுக்க வேண்டியிருக்கிறது. தூக்கிச் செல்லும் டப்பாக்கள் உதவுமா, எந்த அளவில், எத்தனை?

உதவும். ஆனால் பென்சிலுக்கு ஒன்று, பேப்பருக்கு ஒன்று, பசைக்கு ஒன்று என்று பொருள்வாரியாகப் பிரித்தால் உதவாது. ஒரு சார்ட் ஒட்டுவதற்குள் நாலு டப்பா திறந்து கிடக்கும். வேலைவாரியாகப் பிரியுங்கள். ஒரு டப்பாவைத் திறந்தால் அந்த வேலை முடியும்வரை பிள்ளை வேறு எதற்கும் எழுந்து போகக் கூடாது. அதற்காகக் கத்தரிக்கோலும் ரப்பரும் மூன்று டப்பாவில் இருந்தாலும் பரவாயில்லை.

உங்கள் வீட்டுக்கு ஐந்து போதும். ஆளுக்கொரு பாட டப்பா, ஆக இரண்டு. கலர் பென்சில், கிரேயான், ஸ்கெட்ச் பேனாவுக்கு ஒன்று. வண்ணக் குப்பி, பிரஷ், தட்டு, பழைய துணி என்று ஈர வேலைக்கு ஒன்று. ஐந்தாவது, இருப்பு டப்பா. புதுப் பென்சில் பாக்கெட், பேப்பர் கட்டு, பெரிய பசை டப்பா எல்லாம் இதில் அடங்கி, பெரியவர்கள் கையில் இருக்கட்டும். பிள்ளைகளின் டப்பாவில் அந்த வாரத்துக்கு வேண்டியது மட்டும். இருப்பையும் புழக்கத்தையும் ஒன்றாகப் போடுவதால்தான் டப்பா பிதுங்கி, மூடி மூடாமல் போகிறது. எந்த டப்பாவையும் முக்கால் பாகத்துக்கு மேல் நிரப்பாதீர்கள். திருப்பி வைப்பவர் ஆறு வயதுக் குழந்தை, அதற்குக் கை நுழைய இடம் வேண்டும்.

வாங்கும்போது கடைக்காரர் லிட்டர் கணக்கு சொல்வார். அதை நம்பி வாங்காதீர்கள். பத்து லிட்டர் டப்பா குறுகி உயரமாகவும் இருக்கலாம், அகன்று தட்டையாகவும் இருக்கலாம். ஏ4 தாள் 21 × 29.7 செ.மீ.; அதைப் போட்ட பிளாஸ்டிக் ஃபைல் இன்னும் இரண்டு மூன்று செ.மீ. கூடும். இந்த டப்பாக்கள் மேலே அகன்று கீழே ஒடுங்குபவை, அட்டையில் எழுதியிருப்பது பெரும்பாலும் மேல் விளிம்பின் அளவு. அடித்தளத்தின் உள்ளளவு 33 × 25 செ.மீ. இருக்கிறதா என்று பாருங்கள். கிராஃபர்ட் மார்க்கெட்டுக்கும் அப்துல் ரஹ்மான் தெருவுக்கும் போகும்போது கையோடு ஒரு ஏ4 ஃபைலை எடுத்துப் போய் டப்பாவுக்குள் வைத்துப் பார்த்துவிடுவதே சுலபம். கட்டிலுக்கு அடியில் தள்ளப் போகிறீர்கள் என்றால் அந்த உயரத்தையும் வீட்டிலேயே அளந்துகொள்ளுங்கள்.

எடை அடுத்த விஷயம். 75 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு 75 கிராம்) ஏ4 பேப்பர் 500 தாள் கட்டு ஒன்றே ஏறக்குறைய 2.3 கிலோ. நோட்டும் புத்தகமும் சேர்ந்தால் கைப்பிடி இற்றுப்போகும். மூடியின் மேல் கைப்பிடி உள்ள டப்பாவில் மொத்தப் பாரமும் பக்கவாட்டுக் கிளிப்பில்தான் தொங்குகிறது. கிளிப் மடங்கும் இடத்தில் பிளாஸ்டிக் மெலிசு, அங்கேதான் முதலில் விரியும். விரிந்த கிளிப்போடு தூக்கினால் அத்தனையும் தரையில். ஆகவே பாடப் புத்தகங்களுக்கு மூடியே வேண்டாம். கைப்பிடியும் உடலும் ஒரே வார்ப்பாக உள்ள திறந்த கூடை வாங்குங்கள். மூடியும் கிளிப்பும் ஓவியச் சாமான்களுக்குப் போதும். சின்னவர் தூக்கும் டப்பா இரண்டு கிலோவைத் தாண்ட வேண்டாம்.

பிளாஸ்டிக்கின் வகையையும் கவனியுங்கள். அடியில் முக்கோணத்துக்குள் 5 என்று இருந்தால் பாலிப்ரோப்பிலீன். சற்று மங்கலாக இருக்கும், ஆனால் வளைந்து கொடுக்கும். கண்ணாடி மாதிரி பளபளக்கும் 6, அதாவது பாலிஸ்டைரீன், கீழே விழுந்தால் விரிசல் விடும். இன்னொரு தொல்லையும் உண்டு: பி.வி.சி. பிளாஸ்டிக்கில் செய்த அழி ரப்பரிலுள்ள மென்மையூட்டும் பொருள் மெல்ல பாலிஸ்டைரீனுக்குள் இறங்கி, ரப்பர் டப்பாவோடு உருகி ஒட்டிக்கொள்ளும். ரப்பரை அதன் அட்டை உறையோடு வையுங்கள்.

மும்பையில் இதற்கெல்லாம் மேலே யோசிக்க வேண்டியது ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான மழை ஈரம். பேப்பர் நமத்து நெளியும், வண்ணத்தில் பூஞ்சணம் பூக்கும், அட்டைப் பெட்டிகளில் ராமபாணப் பூச்சி குடியேறும். இருப்பு டப்பாவுக்கு ரப்பர் வளையம் உள்ள இறுக்கமான மூடி வாங்குங்கள். மழை தொடங்கும் முன்னால், மே மாதத்திலேயே நிரப்பி மூடிவிடுங்கள். நமத்த பேப்பரை ஜூலையில் உள்ளே வைத்து மூடினால் ஈரத்தைப் பூட்டி வைத்ததாகத்தான் ஆகும். சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் இந்த ஒரு டப்பாவுக்கு மட்டும். தினம் திறக்கும் டப்பாவில் அவை சீக்கிரமே ஈரத்தைக் குடித்துச் செயலிழந்துவிடும். நீல நிறச் சிலிக்காவில் கோபால்ட் குளோரைடு என்ற நச்சு ரசாயனம் உண்டு, பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்கு வேண்டாம். ஆரஞ்சு நிறத்தை வாங்குங்கள். அந்துருண்டையும் வேண்டாம்.

ஈர வேலை டப்பாவில் விதி நேர் எதிர்: காற்று போக வேண்டும். பக்கத்தில் துளையுள்ள கூடையாக இருக்கட்டும். பிரஷைக் கழுவி, படுக்க வைத்து நன்றாகக் காய்ந்தபின் மயிர் மேலாக நிறுத்துங்கள். ஈரத்தோடு நிறுத்தினால் தண்ணீர் தகரப் பூணுக்குள் இறங்கி மயிர் உதிரத் தொடங்கும். வாட்டர்கலர் கட்டிகளை ஒரு ராத்திரி ஃபேனுக்கு அடியில் திறந்து வைத்து, மறுநாள் மூடுங்கள். போஸ்டர் கலர் குப்பிக்குள் பிரஷை விட விடாதீர்கள். ஐஸ்கிரீம் குச்சியால் கொஞ்சம் எடுத்துத் தட்டில் வைத்துக் கொடுங்கள். அழுக்குத் தண்ணீர் குப்பிக்குள் போவதுதான் நாற்றத்துக்கும் பூஞ்சணத்துக்கும் காரணம். மூடுமுன் குப்பியின் மரையைத் துடைக்காவிட்டால் காய்ந்த வண்ணம் அடைத்து, மூடி இறுகாமல் உள்ளே எல்லாம் கெட்டியாகிவிடும். அக்ரிலிக்காக இருந்தால் காய்ந்தது காய்ந்ததுதான், தண்ணீர் விட்டாலும் கரையாது.

ஸ்கெட்ச் பேனா, ஒயிட்போர்டு மார்க்கர் இரண்டையும் படுக்க வையுங்கள். கிரேயான் டப்பா ஜன்னலோரம் வேண்டாம், வெயிலில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ஏர் டிரை களிமண்ணை இரண்டு ஜிப் பைகளில், காற்றை அமுக்கி எடுத்துவிட்டு மூடுங்கள். கட்டர் பிளேடும் அறிவியல் கிட்டின் பட்டன் பேட்டரியும் குட்டிக் காந்தங்களும் பிள்ளைகளின் எந்த டப்பாவிலும் வேண்டாம், இருப்பில் இருக்கட்டும். பட்டன் பேட்டரியை விழுங்கினால் உணவுக் குழாயே வெந்து புண்ணாகும்.

மாட்டுங்கா பக்கத்து ஃபைவ் கார்டன்ஸ் பூங்கா மாதிரி வெளியே போய் வரைவதற்கு டப்பா தேவையில்லை. ஏ5 ஸ்கெட்ச் புத்தகம், 12 கலர் பென்சில், சீவல் உள்ளேயே விழும் ஷார்ப்னர், ரப்பர், நாலு கிளிப். ஒரு ஜிப் பையில் அடங்கிவிடும். லோக்கல் ரயில் நெரிசலில் கிளிப் மூடி டப்பா திறந்துகொள்ளும், ஜிப் திறக்காது.

லேபிளில் சின்னவருக்காக எழுத்தோடு படமும் ஒட்டுங்கள். மூடியில் அல்ல, டப்பாவின் உடலில், ஏனென்றால் மூடிகள் மாறிப் போகும். சனிக்கிழமை ஒரு தடவை உட்கார்ந்து, தீர்ந்ததை இருப்பிலிருந்து நிரப்பி, காய்ந்த பேனாவை எறிந்து, முடித்த ஓவியங்களின் பின்பக்கம் தேதி போட்டு ஃபைலில் சேர்க்க அரை மணி நேரம் ஆகும். சார்ட் அளவு ஓவியங்களை மடிக்காமல் சுருட்டிக் குழாயில் போட்டு, இருப்பு டப்பாவுக்குப் பக்கத்தில் நிறுத்திவிடுங்கள்.