ஏப்ரலில் பாரிஸ், ரோம்: ஒரே பெட்டி போதும்

பாரிஸ், ரோம் இரண்டுக்கும் ஒரே கேபின் பெட்டி, படத்திலும் நன்றாக இருக்க வேண்டும், பர்ஸும் போகக்கூடாது, இதுதானே உங்கள் கேள்வி? முடியும். முதலில் அந்தக் கனத்த குளிர்கோட்டை வெளியே எடுத்து வையுங்கள். பாரிஸில் ஏப்ரல் பகல் 15, 16 டிகிரி, விடியலில் 7 வரை இறங்கும், நடுவில் சொல்லாமல் கொள்ளாமல் தூறும், அதனால் மெல்லிய கம்பளி ஸ்வெட்டரும் அதன்மேல் மழை தாங்கும் டிரெஞ்ச் கோட்டும் போதும். உடைகள் கருநீலம், சாம்பல், வெள்ளைக்குள் இருக்கட்டும், எதையும் எதோடும் போடலாம். ஸ்கார்ஃப் மட்டும் பளிச்சென்று. வாடிகன் புனித பேதுரு பேராலயத்தில் தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும், அங்கேயும் அந்த ஸ்கார்ஃப் கைகொடுக்கும்.

ஹீல்ஸ் வேண்டவே வேண்டாம், ரோமின் கல் பாவிய தெருக்களில் இடுக்கில் மாட்டிக்கொள்ளும்.

அப்புறம் பை. ஜிப் வைத்த சின்னக் குறுக்குப் பை, கோட்டுக்கு உள்ளே, ஜிப் முன்பக்கம் பார்த்தபடி. முதுகுப்பையில் பணம் வைக்காதீர்கள். மெட்ரோவில் கதவோரம் நின்று போனை நோண்டாதீர்கள், கதவு மூடும் நொடியில் பிடுங்கிக்கொண்டு இறங்கிவிடுவார்கள். பாரிஸில் குன்றின் மேல் இருக்கும் சாக்ரே கேர் தேவாலயப் படிக்கட்டில், மணிக்கட்டில் நூல் கட்டிவிட்டுப் பணம் கேட்க வருபவர்களிடம் பேச்சே கொடுக்காதீர்கள், கையைப் பாக்கெட்டில் விட்டபடி ஏறுங்கள். ரோமில் டெர்மினி ரயில் நிலையத்திலிருந்து வாடிகன் பக்கம் போகும் 64ஆம் எண் பஸ் ஜேப்படிக்குப் பேர்போனது, கூட்டமாக இருந்தால் மெட்ரோ ஏ லைனில் வாடிகன் பக்கத்து ஒத்தாவியானோ நிலையத்தில் இறங்கி நடங்கள், அங்கேயும் பை முன்னாலேயே இருக்கட்டும்.