பாட்டியின் வெள்ளிக் கரண்டியை லண்டனுக்கு அனுப்பலாமா?

கேள்வி: 1908இல் என் தாய்வழிப் பாட்டிக்குத் திருமணச் சீராக வந்த வெள்ளிப் பரிமாறும் கரண்டி, அம்மா வழியாக என்னிடம் இருக்கிறது. காம்பு முழுவதும் சாமி உருவங்கள்; பின்புறம் சென்னை பி.ஆர் அண்ட் சன்ஸ் கடையின் முத்திரை. அம்மாவை எட்டிக்கூடப் பார்க்காத அண்ணன் இப்போது பாதி கேட்கிறார். லண்டனில் உள்ள சேகரிப்பாளர் ஒருவர், பாட்டியின் திருமண ஆண்டோடு நான் போட்ட இணைய விளம்பரத்தைப் பார்த்து முன்பணம் அனுப்பிவிட்டார். கூரியரில் சான்றிதழ் கேட்டு, பொருளை வாங்க மறுத்துவிட்டார்கள். அடுத்த மாதம் லண்டன் போகும் உறவினரின் பெட்டியில், ‘பழைய சமையல் கரண்டி’ என்று சொல்லி வைத்து அனுப்பலாமா? அண்ணனால் தடுக்க முடியுமா?
— கும்பகோணம் வாசகி

பதில்: அண்ணனைப் பற்றிய மனக்குறையை முதலில் ஒதுக்கிவைத்துவிடுங்கள்; அவர் பங்கைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன். தாயை யார் பார்த்துக்கொண்டார்கள் என்பதால் வாரிசுப் பங்கு கூடுவதும் இல்லை, குறைவதும் இல்லை. லண்டனுக்கு அனுப்பும் விஷயத்தில் சட்டம் பார்ப்பது ஒரே ஒரு எண்ணைத்தான்: 1908.

தொன்மைப் பொருட்கள் மற்றும் கலைக் கருவூலங்கள் சட்டம், 1972இன்படி, நூறு ஆண்டுகளுக்குக் குறையாத கலைப்பொருளோ கைவினைப் பொருளோ தொன்மைப் பொருள்தான். கோயில் சிலைக்கு மட்டுமே இது பொருந்தும் என்று பலர் நினைக்கிறார்கள். வீட்டுக் கரண்டிக்கும் பொருந்தும். அத்தகைய பொருளை மத்திய அரசோ அது அதிகாரம் அளித்த நிறுவனமோ தவிர வேறு யாரும் வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது. பரம்பரைச் சொத்து என்பதால் விலக்குக் கிடையாது.

உறவினரின் பெட்டி யோசனையை இன்றே கைவிடுங்கள். சட்டத்தின் 25ஆம் பிரிவு அனுப்புவதை மட்டுமல்ல, அனுப்ப முயல்வதையும் குற்றமாக்குகிறது. பிறர் மூலம் செய்தாலும் அப்படியே. குறைந்தது ஆறு மாதம், அதிகபட்சம் மூன்று ஆண்டு சிறை, அதோடு அபராதம். சுங்கச் சட்டப்படி பறிமுதலும் தண்டமும் தனி. விமான நிலையத்தில் முதலில் பிடிபடுவது, உங்களுக்கு உதவ வந்த அந்த உறவினர்தான்.

இத்தகைய வழக்குகளில் கட்சிக்காரர்கள் விழும் குழி ஒன்றை நான் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். விலை ஏறுவதற்காக விளம்பரத்தில் ‘நூறு ஆண்டுக்கு மேல் பழைமையானது’ என்று எழுதுவார்கள். அதே பொருளைச் சுங்கத்தில் ‘புழங்கிய கரண்டி’ என்பார்கள். மாட்டிக்கொண்ட பிறகு ‘இவ்வளவு பழையது என்று எனக்குத் தெரியாது’ என்று வாதாட என்னிடம் வருவார்கள். அந்த வாதத்தை அவர்களுடைய விளம்பரமே முறித்துவிடும். நீங்களும் விளம்பரத்தில் பாட்டியின் திருமண ஆண்டைப் போட்டிருக்கிறீர்கள். வாங்குபவருக்கு அனுப்பிய செய்திகளிலும் அது இருக்கும். கூரியர்காரர்கள் மறுத்தது உங்கள் நல்ல காலம்.

இங்கிலாந்து வெள்ளியில் ஆண்டைக் குறிக்கும் எழுத்து முத்திரை இருக்கும். வயதில் சந்தேகம் எழாது. நம் சென்னை வெள்ளியில் பெரும்பாலும் கடையின் பெயர் மட்டுமே. ஆகவே, 1908 என்பது குடும்பக் கதைதான், கரண்டி பிற்காலத்தது என்று நீங்கள் உண்மையாகவே நம்பினால், இந்தியத் தொல்லியல் துறையிடம் பொருளைக் காட்டி ‘தொன்மைப் பொருள் அல்ல’ என்ற சான்றிதழ் கேட்கலாம். சென்னை வட்ட அலுவலகம் புனித ஜார்ஜ் கோட்டையில் இருக்கிறது. இந்தக் கேள்வியில் துறைத் தலைமை இயக்குநரோ அவர் அதிகாரம் அளித்த உயர் அதிகாரியோ எடுக்கும் முடிவே இறுதியானது. நகைக்கடைக்காரர் எழுதிக் கொடுக்கும் சீட்டு செல்லாது. ஆனால் உங்கள் கடிதத்தைப் படித்த பிறகு, அந்தச் சான்றிதழ் கிடைக்கும் என்று உங்களுக்கு நம்பிக்கை ஊட்ட எனக்கு மனமில்லை.

முன்பணத்தை முழுவதுமாக உடனே திருப்பி அனுப்புங்கள்; சட்டம் தடுப்பதால் விற்பனையை ரத்து செய்வதாக இரண்டு வரி எழுதினால் போதும். தாமதித்தால், ‘சட்டவிரோதம் என்று விற்பவருக்குத் தெரிந்திருக்க வேண்டும், எனக்குத் தெரியாது’ என்று சொல்லி அவர் ஒப்பந்தச் சட்டம் 56ஆம் பிரிவின் கீழ் இழப்பீடும் கேட்கக்கூடும்.

இனி அண்ணன். அம்மா உயிரோடு இருந்தபோதே அதை உங்கள் கையில் கொடுத்திருந்தால், அசையும் பொருளின் தானம் அதோடு நிறைவேறிவிட்டது, பத்திரம் தேவையில்லை. அதற்குச் சாட்சி இருக்கிறதா? இல்லை, அம்மா காலமான பின் பீரோவிலிருந்து நீங்கள் எடுத்துக்கொண்டதா? அப்படியானால், உயில் இல்லாத நிலையில், மகனுக்கும் மகளுக்கும் சம பங்கு. ஒரு கரண்டிக்காகப் பாகப்பிரிவினை வழக்குப் போட்டால் நீதிமன்றச் செலவு அதன் விலையைத் தின்றுவிடும். அவரோடு சமாதானமாகப் போங்கள். நீங்களே வைத்துக்கொண்டு அவருக்கு ஒரு தொகை கொடுங்கள். அல்லது இந்தியாவுக்குள் உள்ள சேகரிப்பாளருக்கு விற்றுப் பிரித்துக்கொள்ளுங்கள். குடும்பப் பொருள் ஒன்றை விற்பதற்கு வியாபார உரிமம் வேண்டியதில்லை. எதுவானாலும் இருவரும் எழுத்தில் கையெழுத்திடுங்கள்.

அடகுக் கடையில் மட்டும் கொடுத்துவிடாதீர்கள். அங்கே எடைக்குத்தான் காசு. அந்த வேலைப்பாட்டை உருக்கிவிடுவார்கள்.