படகு எஞ்சினுக்கு நாமே ஆயில் மாற்றுவது: கேள்வி பதில்

விசைப்படகுகளில் உள்ளே பொருத்திய டீசல் எஞ்சினுக்கு, மெக்கானிக்கைக் கூப்பிடாமல் ஆயில் மாற்றுகிறவர்களின் கேள்விகள் இவை.

அண்ணே, ஏப்ரல் 15-ல மீன்பிடித் தடைக்காலம் ஆரம்பிக்குது. ஜூன்ல கடலுக்குப் போறதுக்கு முந்தின நாள் மாத்தினாப் போதும், இப்ப மாத்தினா ஆயில் வீண்ங்கிறார் அப்பா. சரியா?

வேண்டாம், எஞ்சினை நிறுத்தி வைப்பதற்கு முன்பே மாற்றுங்கள். ஓடிக் கறுத்த ஆயிலில் புகைக்கரி, ஈரம், எரிந்த டீசல் விட்ட அமிலம் எல்லாம் கலந்திருக்கும். 61 நாள் எஞ்சின் அசையாமல் நிற்கும்போது அவை பேரிங்கின் மேலேயே உட்கார்ந்து அரிக்கும். புது ஆயில் இரண்டு மாதத்தில் கெட்டுப்போவதில்லை. மாற்றிய பிறகு பத்து நிமிடம் ஓடவிட்டு நிறுத்தினால் உள்ளே எல்லா இடத்திலும் நல்ல ஆயில் படிந்திருக்கும். 2020-லிருந்து வரும் டீசலில் கந்தகம் 10 பிபிஎம்தான் (பத்து லட்சத்தில் 10 பங்கு) என்பதால் அமிலம் முன்பைவிடக் குறைவு. ஈரமும் கரியும் குறையவில்லையே. குளச்சல் பக்கம் தடை ஜூன் 1-ல்தான் தொடங்கும். கணக்கு அங்கேயும் இதுதான்.

ஆயில் தங்கும் தொட்டியான சம்ப்புக்கு அடியில் கைகூட நுழையாது. ஆயில் வடிக்கும் ட்ரெயின் பிளக்கைக் கழற்றினாலும் தட்டு வைக்க இடமில்லை. என்ன செய்வது?

லாரியில் மாற்றுகிற முறை படகில் செல்லாது. மேலிருந்து உறிஞ்சித்தான் எடுக்க வேண்டும். எஞ்சினிலேயே கைப்பம்பு இருந்தால் வேலை சுலபம். இல்லையென்றால் டிப்ஸ்டிக் (ஆயில் மட்டம் பார்க்கும் கம்பி) குழாய் வழியாக மெல்லிய குழாயை விட்டு, வேக்குவம் பம்பு போட்டு இழுக்கலாம்.

முதலில் எஞ்சினைப் பத்துப் பதினைந்து நிமிடம் ஓட்டிச் சூடாக்குங்கள். ஆயில் இளகும், அடியில் தங்கிய கசடும் கலந்து வெளியே வரும். கொதிக்கிற சூட்டில் இழுத்தால் பிளாஸ்டிக் குழாய் துவண்டு ஒட்டிக்கொள்ளும். கைபொறுக்கும் சூடு சரி. குழாயின் நுனியைச் சாய்வாக வெட்டுங்கள், நேராக வெட்டினால் சம்ப்பின் அடியில் அப்பி அடைத்துக்கொள்ளும்.

பெரும்பாலான படகுகளில் புரொப்பெல்லர் ஷாஃப்டின் சரிவுக்கேற்ப எஞ்சினும் அமரம் (பின்முனை) பக்கம் தாழ்ந்திருக்கும். டிப்ஸ்டிக் ஓட்டை அணியம் (முன்முனை) பக்கம் இருந்தால் பின்மூலையில் கொஞ்சம் ஆயில் தங்கிவிடும். எனவே வெளியே வந்ததை அளந்து எழுதி வையுங்கள். போன முறை ஊற்றியது 12 லிட்டர், இப்போது வந்தது 9 என்றால், எரிந்தும் கசிந்தும் போனது எவ்வளவு, உள்ளே தங்கியது எவ்வளவு என்று யோசிக்க வேண்டும்.

பிளக் இருந்த இடத்தில் நிரந்தரமாக ஹோஸ் போட்டு மேலே கொண்டுவருகிறவர்களும் உண்டு. நல்ல ஏற்பாடுதான். ஆனால் ஆயில் தாங்கும் ஹைட்ராலிக் ஹோஸ் போட்டு, நுனியில் வால்வும் அதற்கு மேல் ஒரு பிளக்கும் வைக்க வேண்டும். தண்ணீர் பாய்ச்சுகிற டியூபைச் சொருகினால், அது நடுக்கடலில் வெடிக்கும் அன்று எஞ்சினும் போகும்.

டிப்ஸ்டிக்கில் மேல்கோடு வரை ஊற்றினேன். கடலில் பார்த்தால் கோட்டுக்கு மேலே நிற்கிறது!

ஐஸும் டீசலும் ஏற்றினால் படகின் சாய்வு மாறும், டிப்ஸ்டிக் காட்டுகிற அளவும் மாறும். தரையில் ஏற்றிய படகிலும் இதே கதை. படகு தண்ணீரில் சமமாக மிதக்கும்போது, எஞ்சின் நின்று பத்து நிமிடமாவது கழித்துப் பாருங்கள். எஞ்சின் புத்தகத்தில் உள்ள அளவில் முக்கால் பங்கை ஊற்றிவிட்டு, பிறகு அரை அரை லிட்டராகச் சேருங்கள்.

சாய்வாகப் பொருத்திய எஞ்சினில் கம்பியின் கோடே சரியாக இருக்காது. அளந்து ஊற்றி, அந்த இடத்தில் அரத்தால் புதுக் கோடு போட்டுக்கொள்வதுதான் வழி. குறைவு ஆபத்து என்று தெரிந்தவர்கள் கூடுதலைப் பொருட்படுத்துவதில்லை. ஆயில் கூடினால், சுழலும் கிராங்க் தண்டு அதை அடித்து நுரையாக்கும், பிரஷர் இறங்கும், சீல் கசியும். எஞ்சினின் மூச்சுக்குழாயான ப்ரீதர் வழியாக ஆயில் உறிஞ்சப்பட்டால், டீசலை நிறுத்தினாலும் எஞ்சின் நிற்காமல் தறிகெட்டு ஓடக்கூடும்.

ஃபில்டர் மாற்றி ஸ்டார்ட் பண்ணினதும் ஆயில் பீச்சி அடிச்சிருச்சு. ஃபில்டர் டூப்ளிகேட்டா?

பழைய ரப்பர் வாஷரைப் பாருங்கள். முக்கால்வாசி நேரம் அது எஞ்சின் முகத்திலேயே ஒட்டியிருக்கும், அதன் மேல் புதியது உட்கார்ந்திருக்கும். முகத்தைத் துடைத்து, புது வாஷரில் ஆயில் தடவி, வாஷர் தொட்டதும் கையால் முக்கால் சுற்று. ஸ்பானர் வேண்டாம். ஃபில்டர் நிமிர்ந்து நிற்கிற எஞ்சினில் பொருத்தும் முன்பே ஆயில் நிரப்புங்கள், படுத்திருந்தால் முடியாது. பழைய ஃபில்டரைக் கழற்றும்போது பிளாஸ்டிக் பையை மாட்டிக்கொண்டால் அடியில் கொட்டாது. ஸ்க்ரூடிரைவரைக் குத்தித் திருப்புவது தகரத்தைக் கிழிக்கிற வேலை, பெல்ட் ரெஞ்சுதான் சரி.

டீசலை நிறுத்தும் ஸ்டாப் லிவரை இழுத்துப் பிடித்துக்கொண்டு சில வினாடி செல்ஃப் அடித்து, பிறகு ஸ்டார்ட் செய்யுங்கள். பத்து வினாடிக்குள் பிரஷர் ஏறவில்லையென்றால் உடனே நிறுத்துங்கள்.

எந்த ஆயில்?

பெரும்பாலான படகு டீசல்களுக்கு 15டபிள்யூ-40 தடிப்பும் சிஐ-4 தரமும் பொருந்தும். எஞ்சின் புத்தகம் வேறு சொன்னால் அதைக் கேளுங்கள். பைக் ஆயில் வேண்டாம்.

வெளியே எடுத்த ஆயில் டீயில் பால் கலந்த மாதிரி இருக்கு. ஆனா எஞ்சின் நல்லா ஓடுது.

தண்ணீர் கலந்திருக்கிறது. நன்றாக ஓடுகிறதென்று அடுத்த முறை கடலுக்குக் கிளம்பிவிடாதீர்கள். சந்தேகமிருந்தால் சூடான தகரத்தில் ஒரு சொட்டு விடுங்கள், தண்ணீர் இருந்தால் படபடவென்று பொரியும்.

நான் முதலில், கடல்தண்ணீரால் ஆயிலைக் குளிர்விக்கும் ஆயில் கூலரைத்தான் சந்தேகிப்பேன். எஞ்சின் ஓடும்போது ஆயிலின் பிரஷர் தண்ணீரின் பிரஷரைவிட அதிகம், அதனால் ஓட்டை இருந்தால் ஆயில்தான் வெளியே போகும், தண்ணீரில் எண்ணெய்ப் படலம் தெரியும். எஞ்சின் நின்றதும் நிலைமை தலைகீழ். கூலரில் தேங்கிய கடல்தண்ணீர் மெல்ல ஆயிலுக்குள் இறங்கும். ராத்திரி நிறுத்தி காலையில் பார்த்தால் மட்டம் ஏறியிருப்பது அதனால்தான். கூலரைக் கழற்றி, ஒரு முனையை அடைத்து, காற்று கொடுத்துத் தண்ணீரில் அமுக்கினால் குமிழி காட்டிக்கொடுக்கும். அது நன்றாக இருந்தால் ஹெட் கேஸ்கட்டையும், எஞ்சினோடு நேராக இணைந்த கடல்தண்ணீர் பம்பின் சீலையும் பாருங்கள்.

கோளாறைச் சரிசெய்த பிறகு ஒருமுறை மாற்றினால் போதாது. மலிவான ஆயிலை ஊற்றி லோடு இல்லாமல் பத்து நிமிடம் ஓட்டி எடுங்கள். பால் நிறம் போகும்வரை திரும்பச் செய்து, கடைசியில் நல்ல ஆயிலும் புது ஃபில்டரும் போடுங்கள். ரிப்பேருக்கு நாளாகும் என்றாலும் உப்புத்தண்ணீர் கலந்த ஆயிலை உள்ளே விட்டு வைக்காதீர்கள்.

எனக்கு வெள்ளையா இல்ல, ஆனா மட்டம் ஏறுது, ஆயில் தண்ணி மாதிரி இளகிப் போச்சு.

அது டீசல். ஃபீட் பம்பின் டயாஃப்ரம், ராக்கர் மூடிக்குள் போகும் இன்ஜெக்டர் ரிட்டன் குழாய், இன்ஜெக்டர் பம்பின் சீல் ஆகியவற்றைப் பாருங்கள்.

ஐயா, எத்தனை மணி நேரத்துக்கு ஒருமுறை?

புத்தகம் இல்லையென்றால் 250 மணி என்று வையுங்கள். புதிதாக இறக்கிக் கட்டிய எஞ்சினுக்கு முதல் முறை 50 மணியில். தங்குகடல் (பல நாள் கடலில் தங்கும்) படகு தினம் 20 மணி ஓடினால் 250 மணி என்பது பன்னிரண்டு, பதின்மூன்று நாள்தான். ஆகவே மாதக் கணக்கில் யோசிக்காதீர்கள், எஞ்சின் ஓடிய மணிநேரம் காட்டும் ஹவர்மீட்டரைப் பாருங்கள்.

பழைய ஆயிலைப் படகின் அடியில் பூசலாமா?

மரத்தில் ஊறினால் பிறகு பெயின்ட் பிடிக்காது, ஆயிலும் கடலில் கசிந்துகொண்டே இருக்கும். மூடியுள்ள கேனில் சேர்த்து, அனுமதி பெற்ற மறுசுழற்சிக்காரரிடம் கொடுங்கள். டீசலோ தண்ணீரோ அதில் கலக்க வேண்டாம். படகுக்குள்ளே அடித்தளத்தில் சிந்தியதைப் பழைய துணியால் ஒற்றி எடுங்கள். துடைக்கும் முன்பு தண்ணீர் இறைக்கும் பம்பைப் போட்டால் எல்லாம் துறைமுகத்துக்குள்தான் போகும்.